ராத்திரி வேலையும் ராக்கெட் அறையும்

தேயிலை ஃபெக்டரியில் முக்கியமான வேலை ராத்திரியில்தான் நடக்கும். பகலில் வந்த கொழுந்து வாட்டும் தட்டுகளில் பல மணி நேரம் கிடந்து ஈரம் இழக்கும். விடிய வெகுநேரம் இருக்கும்போதே ரோலர் ஓடத் தொடங்கிவிடும். நசுங்கிய இலை காற்றுப்பட்டுச் செம்பு நிறமாகும்போது பச்சை வாடை போய், பழுத்த பழம் மாதிரி ஒரு வாசம் எழும்பும். அப்போது ட்ரையருக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் தேநீர் பச்சையாகக் கசக்கும், பிந்தினால் மந்தமாகிவிடும். மூக்கை வைத்து அதை முடிவு செய்பவர் டீ மேக்கர்.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் நான் உதவி டீ மேக்கராகச் சேர்ந்தபோது, "ராத்திரிக்கு வேணாம் மிஸ், பகல்ல ஒஃபிஸப் பாருங்க" என்றார்கள். அக்கறையாகத்தான் சொன்னார்கள். ஆனால் ராத்திரியை விட்டுவிட்டு இந்தத் தொழிலை எங்கே போய்ப் படிப்பது?

அந்த நாட்களில் விண்வெளிக் கட்டுப்பாட்டு அறைப் பெண்களைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். 1969 ஜூலை 16 அன்று அப்பலோ 11 புறப்பட்டபோது, கென்னடி ஏவுதளத்தின் கட்டுப்பாட்டு அறையில் நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே இருந்த ஒரே பெண் பொறியியலாளர் ஜோஆன் மோர்கன். அவர் வேலை செய்த கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. வேறு கட்டடத்துக்குப் போய்வர வேண்டும். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் எத்தனையோ பேர் தண்ணீர் குடிக்காமலே பொழுதை ஓட்டுகிறார்கள். ஃபெக்டரியில் பெண்களுக்கென்று இருந்ததும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால், இருட்டில். ராத்திரி வேலை பொம்பளைக்குச் சரிவராது என்ற பேச்சில் பாதி, ஒரு பல்ப் போட்டால் தீர்ந்துபோகிற சங்கதி.

மீதிப் பாதி வேறு. 1968 டிசம்பரில் அப்பலோ 8 சந்திரனைச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது, வீடு திரும்பும் பாதையின் கணக்குகளை ஹூஸ்டன் மையத்தின் துணை அறையிலிருந்து பார்த்தவர்களில் ஒருவர் பொப்பி நோர்த்கட். அங்கிருந்த கெமரா ஒன்று தன்னையே காட்டிக்கொண்டிருந்ததைப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். கணக்குப் பார்க்க வந்தவரை வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் போனதும், சேலை கட்டிப் பூ வைத்த பெண்கள் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் படம் உலகமெல்லாம் சுற்றியது. அவர்கள் நிர்வாகப் பிரிவினர் என்று இஸ்ரோ பிறகு விளக்கியது. அன்று கட்டுப்பாட்டு அறைக்குள்ளும் பெண்கள் இருந்தார்கள். ரிது கரிதாலும் நந்தினி ஹரிநாத்தும் அந்தத் திட்டத்தில் துணை இயக்கப் பணிப்பாளர்கள். செவ்வாயிலிருந்து சமிக்ஞை வரவே ஏறக்குறைய 12 நிமிடம் ஆகும் என்பதால் கட்டளைகளை முன்கூட்டியே ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. பதற்றத்தை முகத்தில் காட்டாமல் காத்திருக்கிற அந்த முகங்களைப் படம் பிடித்தால் யார் பார்ப்பார்கள்!

எங்கள் பெண்களும் படத்தில் எப்போதும் இருக்கிறார்கள். தேயிலைப் பெட்டி, நாட்காட்டி, விளம்பரப் பலகை எங்கும் கூடையோடு சிரிக்கும் பெண்தான். தூளைச் சலித்துக் காம்பு பொறுக்கும் பெண்கள் ஒரு பெட்டியிலும் இல்லை. ட்ரையரை எப்போது போடுவது என்று அவர்களில் யாரையும் கேட்பதுமில்லை.

இப்போது எனக்கு ராத்திரி முறை உண்டு. பல்ப்பும் வந்துவிட்டது, சான்றிதழ் தணிக்கைக்கு வந்தவர்கள் கேட்டபிறகு. பயிற்சிக்கு இன்னொரு பிள்ளை சேர்ந்திருக்கிறாள். அவளையும் ராத்திரிக்குப் போடச் சொல்லி, ஃபெக்டரிக்குள்ளேயே ஒரு கழிப்பறையும் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த தணிக்கை வருகிற மாதமாகப் பார்த்துத்தான் கொடுத்தேன்.