செத்த சர்வரும் இரண்டு ஹார்ட் டிஸ்கும்

போன மாதம் இடி மழை பெய்த ஒரு ராத்திரியில் வீட்டு சர்வர் போய்ச் சேர்ந்தது. சர்வர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், மாடிப்படிக்குக் கீழே கிடந்த பழைய டெஸ்க்டாப்தான். உபுண்டு லினக்ஸ் போட்டு, 1 டெராபைட் டிஸ்க் இரண்டை ரெய்டு 1-இல், அதாவது ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும்படி, கோத்து வைத்திருந்தேன். குடும்பப் போட்டோ எல்லாம் அதில்தான், கூடவே சித்தப்பாவின் அரிசி மண்டிக் கணக்கும். காலையில் பட்டனை அமுக்கினால் ஒரு சத்தமும் இல்லை, மூடியைக் கழற்றினால் கருகிய வாடை. கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தேன், ஃபேன்கூடச் சுற்றவில்லை. மதர்போர்டும் சேர்ந்தே போயிருக்கிறது.

சித்தப்பா போனில், "டேய், யார் யார் எவ்ளோ பாக்கின்னு எல்லாம் அதுலதாண்டா இருக்கு" என்றார். "வந்துரும் சித்தப்பா" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். போர்டு செத்தாலும் டிஸ்கில் எழுதினது எங்கேயும் ஓடிப்போகாது. அதுவும் போர்டில் இருந்த ரெய்டு சிப்பை நம்பாமல் லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டையே போட்டிருந்ததால், எந்த லினக்ஸ் மெஷினில் செருகினாலும் படித்துவிடலாம்.

கையில் இருந்த லேப்டாப் டிஸ்க் கேபிளில் செருகினேன். சுற்றவே இல்லை, காதை வைத்துக் கேட்டாலும் ஒன்றுமில்லை. டிஸ்கும் போச்சா என்று வியர்த்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் வேண்டும், அந்தக் கேபிள் கொடுப்பது யுஎஸ்பியின் 5 வோல்ட்தான். தனி பவர் அடாப்டரோடு வரும், டிஸ்கைச் செருகும் டாக் ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கி வந்தேன்.

மவுண்ட் செய்யும் முன், அதாவது உள்ளே இருக்கும் ஃபைல்களைத் திறக்கும் முன், இரண்டு டிஸ்கையும் லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஅட்ம் வைத்து எக்ஸாமின் பண்ணிப் பார்த்தேன், அங்கேதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. முதல் டிஸ்க், தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் பளிச்சென்று சுத்தம், ஆனால் அதன் கடைசி அப்டேட் தேதி ஏழு மாதத்துக்கு முந்தையது! இரண்டாவதில் தேதி மழை பெய்த அதே ராத்திரி, படிக்கத் திணறும் துண்டுகளான பெண்டிங் செக்டரோ 72. அதாவது ஏழு மாதமாக ரெய்டு உடைந்து, நோயாளி டிஸ்க் ஒன்றை வைத்தே சர்வர் நொண்டியடித்து ஓடியிருக்கிறது. எச்சரிக்கை மெயில் போகாமல் இல்லை, சர்வரின் நிர்வாகி கணக்கான ரூட்டின் மெயில்பாக்ஸுக்குப் போயிருக்கிறது. அதை யார் திறந்து பார்க்கிறார்கள்?

நல்ல டிஸ்கை மட்டும் செருகியிருந்தால் போட்டோ திறக்கும், கணக்கும் திறக்கும், வேலை முடிந்தது என்று சித்தப்பாவிடம் ஒப்படைத்திருப்பேன், ஏழு மாத பாக்கி காணாமல் போயிருக்கும். இப்போது நினைத்தாலும் கொஞ்சம் நடுங்குகிறது.

நோயாளி டிஸ்கை மவுண்ட் செய்து ஃபைல் ஃபைலாகக் காப்பி அடிக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கெட்ட செக்டரில் தலை முட்டி முட்டியே டிஸ்க் மொத்தமாகப் படுத்துவிடும். ஃபைல் அமைப்பைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டுவது அதைவிட மோசம், அசலிலேயே எழுத ஆரம்பித்துவிடும். அதனால் புது 2 டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கி, கெட்டுப்போன டிஸ்கிலிருந்து மீட்கும் டிடிரெஸ்க்யூவில் முழு இமேஜ், அதாவது டிஸ்கின் முழு நகல், எடுத்தேன். முதல் சுற்றில் முரண்டு பிடிக்கிற இடத்தைக் குடையாமல் தாண்டிவிடச் சொன்னால் நல்ல பகுதியெல்லாம் முதலில் கைக்கு வந்துவிடும், மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. மிச்சத்தை மூன்று தடவை திரும்ப முயலச் சொல்லிவிட்டுப் படுத்தேன். நடுராத்திரி கரண்ட் போய் டாக் அணைந்தது, ஆனால் எதுவரை படித்தோம் என்பதை மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போவதால் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. விடிந்தபோது படிக்க முடியாமல் நின்றது 36 கேபி, 4 கேபி செக்டர் ஒன்பது.

அந்த ஓட்டைகள் எந்த ஃபைலில் விழுந்திருக்கின்றன என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மவுண்ட் பண்ணும் முன்பே, இமேஜில் அந்த இடங்களை மட்டும் ஏதாவது ஒரு சொல்லால் நிரப்பும்படி டிடிரெஸ்க்யூவிடமே சொல்லலாம், பிறகு அந்தச் சொல்லை எல்லா ஃபைலிலும் கிரெப் போட்டுத் தேட வேண்டியதுதான். நான் "ஓட்டைப்பானை" என்று நிரப்பினேன்.

படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தபோது மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் பாதியில் நிற்கிறது என்று மறுத்தது. இமேஜ்தானே, அசல் இல்லையே என்று எழுத விட்டேன், ஜர்னலைச் சரிபண்ணிக்கொண்டு திறந்தது. கணக்கு இருந்த மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் ஃபோல்டரை, அதன் தரவுகள் இருக்கும் ஐபிடேட்டா ஃபைலோடு மொத்தமாகத் தூக்கி, அதே வெர்ஷன் போட்ட மெஷினில் வைத்தேன். அதுவே ரெகவரி ஓட்டி எழுந்துகொண்டது. கடைசி பில், மழைக்கு முந்தைய சாயங்காலம் போட்டது, 26 கிலோ பொன்னி இரண்டு மூட்டை. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, "இவன் இன்னும் தரலடா" என்றார்.

கிரெப்பில் சிக்கியது ஒரே ஒரு ஃபைல், தங்கச்சி கல்யாண வீடியோ. ஓட்டிப் பார்த்தேன், தாலி கட்டும் இடமெல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது. பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிற ஒருவருடைய முகம் மட்டும் ஒரு நொடி கட்டம் கட்டமாக உடைந்து, மறுபடி ஒட்டிக்கொள்கிறது.