நுவரெலியாவிலிருந்து கல்லடிக்கு வந்த இரண்டு நாய்கள்

எனக்கு இடமாற்றம் கிடைத்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையோடு நுவரெலியாவை விட்டுக் கணவரின் ஊரான மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்துவிடுவது என்று முடிவானபோது, தளபாடங்களைப் பற்றியும் பிள்ளைகளின் பாடசாலையைப் பற்றியும் ஆளுக்கொரு ஆலோசனை சொன்ன உறவினர்கள், எங்கள் இரண்டு நாய்களைப் பற்றி மட்டும் ஒரே விடையைத்தான் வைத்திருந்தார்கள். "நாய்தானே மகள், ரெண்டு நாளில பழகிடும்" என்றார் மாமி தொலைபேசியில். அவர் சொன்னதில் பாதி சரி. நாய் பழகத்தான் செய்கிறது. ஆனால் மனம் பழகும் வேகமும் உடம்பு பழகும் வேகமும் ஒன்றல்ல; ஒரு நாய்க்குச் சுலபமாக இருப்பது இன்னொரு நாய்க்குப் பெரும்பாடாக இருக்கிறது. இந்தச் சில மாதங்களில் அதை அருகிருந்து பார்க்க நேர்ந்ததால் எழுதுகிறேன்.

ரெக்ஸ் அல்சேஷன் கலப்பு. வயது எட்டை நெருங்குகிறது. குட்டியாக வந்த நாள் முதல் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவன். பிளக்கி அப்படியல்ல. அவள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயம் ஒன்றில் பிறந்து, பாதையோடு நடந்து வந்து, எங்கள் வீட்டுப் படியில் ஏறிப் படுத்துக்கொண்ட ஊர் நாய். சோறு எங்கள் வீட்டில் என்றாலும், பகல் முழுவதும் அவளுக்கு வெளியில் வேலை இருந்தது: காலையில் பால்காரருடன் சந்திவரை போவது, பத்து மணிக்குக் கடைவாசலில் பாண் துண்டுக்குக் காத்திருப்பது, பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஆட்களோடு நிற்பது. பெரிய உடம்பும் அடர்ந்த மயிரும் கொண்ட ரெக்ஸ்தான் மட்டக்களப்பில் துவண்டுபோவான், பிளக்கி எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வாள் என்பதுதான் எங்கள் வீட்டின் பொதுவான கணிப்பு. வெயில் விடயத்தில் அது பலித்தது. மற்ற எல்லாவற்றிலும் தலைகீழாகிப் போனது.

சாமான்களை லொறியில் அனுப்பிவிட்டு, நாய்களுடன் நாங்கள் வேனில் வந்தோம். வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மஹாஓயா என்று இறங்கிச் செங்கலடியில் முடியும் பாதை அது. செங்கலடிப் பக்கத்தவர்கள் அதைப் பதுளை வீதி என்பார்கள். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு ஏற்றியிருந்தும், பசறைக்கும் லுணுகலைக்கும் இடைப்பட்ட வளைவுகளில் பிளக்கி மஞ்சள் நுரையாகக் கக்கினாள். பயணத்துக்கு முன் சில மணி நேரம் உணவை நிறுத்துவதும், இடையிடையே நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுவதும், கழுத்துப்பட்டியையும் கயிற்றையும் கழற்றாமல் இறக்குவதும் எல்லோருக்கும் தெரிந்தவைதாம். பிபிலையைத் தாண்டியதும் கண்ணாடி வழியாக வந்த காற்றின் தன்மையே மாறிவிட்டது. அதுவரை படுத்திருந்த ரெக்ஸ் எழுந்து, நாக்கை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டு இளைக்கத் தொடங்கினான்.

வந்திறங்கிய அன்றே மாமி வீட்டைக் கழுவிச் சுத்தமாக வைத்திருந்தார். நாய்கள் படுக்கும் பழைய சாக்குகளையும் கம்பளித் துண்டையும் கண்டு முகம் சுளித்து, கழுவிப் போடுகிறேன் என்று எடுத்தும் விட்டார். அதைத் தடுத்ததற்காக இன்றுவரை என்னைக் கிண்டல் செய்கிறார். நாய்க்கு உலகம் முதலில் மூக்கு வழியாகத்தான் வருகிறது. சுவரும் தரையும் சமையல் வாசமும் மாறிப்போன வீட்டில், அழுக்கேறிய அந்தக் கம்பளித் துண்டு ஒன்றே பழைய வீடாக இருந்தது. ரெக்ஸ் அதை விறாந்தை மூலையில் போட்டதும் மூன்று முறை சுற்றிப் படுத்தான்; நாங்கள் எந்த அறையில் இருக்கிறோம் என்று தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான்; தூங்கிவிட்டான். அவனைப் பொறுத்தவரை வீடு என்பது நாங்கள் நால்வர். நால்வரும் இருந்தோம். காலை ஆறு மணிக்கு நடை, எட்டு மணிக்குச் சாப்பாடு, இரவு ஒன்பதுக்கு முன்கதவு பூட்டுதல் என்ற பழைய நேரங்களை நாங்கள் மாற்றாமல் வைத்திருந்ததே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

அவனுடைய சிக்கல் முழுக்க உடம்பில்தான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை செல்சியஸாக இருக்கும் இடம். கல்லடியோ வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் மணல். நாங்கள் வந்து சேர்ந்து கொஞ்ச நாளில் கச்சானும் தொடங்கிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டிவிட்டு, மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது சூடேறி, வறண்டு, மட்டக்களப்பில் கச்சான் காற்றாக வீசுகிறது. ரெக்ஸுக்கு ஆண்டுதோறும் தூறலையும் பனிமூட்டத்தையும் கொண்டுவந்த அதே காற்று, இங்கே அவனுடைய மூக்கைக் காயவைத்தது.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் சிறிதளவு வியர்க்கும். மற்றபடி நாக்கும் வாயும் மூச்சுக்குழாயும் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். புழுக்கமான நாட்களில் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடுகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகைக்குச் சற்று மேல் வரை. 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஈறு கடுஞ்சிவப்பாவது, எச்சில் பசையாக இழுபடுவது, நடை தள்ளாடுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும், நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, காற்றாடியின் கீழ் கிடத்திவிட்டு, வைத்தியரிடம் கொண்டுபோவதைத் தாமதிக்கக் கூடாது.

மயிரை மொட்டையாக வெட்டிவிடச் சொல்லிப் பலர் ஆலோசனை சொன்னார்கள். இதில் நான் யாருக்கும் இணங்கவில்லை. அல்சேஷன் போன்றவற்றுக்கு மயிர் இரண்டு அடுக்கு. மேலடுக்கு வெயில் நேரடியாகத் தோலில் படாமல் காக்கிறது, வழித்தால் சில நாய்களுக்கு அது பழையபடி வளர்வதும் இல்லை. வழிக்க வேண்டியதில்லை, உதிரும் அடிமயிரைச் சீவி எடுத்தால் போதும். ரெக்ஸ் வந்த புதிதில் உதிர்த்த மயிரைச் சேர்த்திருந்தால் தலையணை ஒன்று தைத்திருக்கலாம். அவனுக்கு உண்மையில் உதவிய யோசனை பக்கத்து வளவு ஆச்சியுடையது. "புள்ள, மாமரத்துக்குக் கீழ மண்ணக் கிண்டித் தண்ணி ஊத்தி விடுங்க, அவன் தானாப் போய்க் கிடப்பான்" என்றார். கிணற்றடிக்குப் பக்கத்தில் முழங்கை ஆழத்துக்குக் கிண்டி, காலையிலும் பத்து மணிக்கும் இரண்டு வாளி ஊற்றுகிறோம். ஈர மணலில் வயிற்றை அழுத்திப் பின்கால்களைத் தவளையைப் போல விரித்து அவன் படுக்கும் அழகைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். நடை நேரத்தை மட்டும் மாற்றினோம்: ஆறு மணி ஐந்தரை ஆயிற்று, பின்னேர நடை பொழுது பட்டபிறகு. உள்ளங்கையைத் தார் வீதியில் சில வினாடிகள் வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அதில் நடக்கக் கூடாது.

பிளக்கிக்கு வெயில் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அவள் சாப்பிடவில்லை. மீன் தலை போட்டுப் பிசைந்த சோற்றை முகர்ந்துவிட்டு, கேற்றின் கம்பிகளுக்கிடையில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றாள். இரவில், கடல் இரைச்சல் கூடும் நேரத்தில், எழுந்து ஊளையிட்டாள். மாமிக்கு அது அபசகுனம். எனக்கு மறுநாள் பாடசாலையில் கொட்டாவி. நாய் ஆளோடு ஒட்டும், பூனை வீட்டோடு ஒட்டும் என்று சொல்வார்கள். பிளக்கி இரண்டிலும் சேரவில்லை. அவள் ஒட்டியிருந்தது தன் சுற்றோடு. பால்காரர், சந்தி, கடைவாசல், கொழுந்து மடுவம் என்ற அந்தத் தடமும், அதில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இருபது முப்பது பேரும்தான் அவளுடைய வீடு. அதை வேனில் ஏற்றிக்கொண்டு வர வழியிருக்கவில்லை.

ஒருநாள் கேற் திறந்து மூடும் இடைவெளியில் நழுவிப் போய்விட்டாள். பின்னேரம்வரை தேடினோம். கல்லடிப் பாலத்தடியில் ஓட்டோ தரிப்பிடத்தில் நின்ற தம்பிமார், கறுப்பு நாயொன்று பாலத்தில் ஏறுவதும் பாதி தூரத்தில் திரும்பி வருவதுமாக இருந்ததாகச் சொல்லி, பிஸ்கட் கொடுத்துப் பிடித்தும் வைத்திருந்தார்கள். நாங்கள் வந்த வழி அந்தப் பாலம்தான் என்பதை அவள் எப்படி அறிந்தாள் என்று என் மகன் இன்னமும் கேட்கிறான். அதற்குப் பிறகு கழுத்துப்பட்டியில் தொலைபேசி இலக்கத்தை அழியாத மையில் எழுதினோம். ஊர் மாறியவர்கள் பழைய இலக்கத்தோடு நாயை விட்டுவைப்பதை நிறையப் பார்க்கிறேன்.

அவளுக்கு வேண்டியது புதிய சுற்று என்று புரிந்ததும் வேலை எளிதாயிற்று. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில், கயிற்றோடு நடத்திக்கொண்டு போனோம்: ஒழுங்கை முனை, பாண் விற்கும் கடை, கோயில் வீதி, கடற்கரை, திரும்ப. ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, அவள் மூக்குக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தோம். ஒழுங்கை நாய்கள் முதலில் ஒன்றுகூடி வந்து மறித்தன. அவற்றுக்கு அது சொந்த மண். நேருக்கு நேர் முகம் பார்க்க விடாமல், வீதியின் மறுகரையால் ஒரே திசையில் நடத்திக்கொண்டு போனால் பகை மெல்லத் தணிகிறது என்பதை அனுபவத்தில் கண்டோம். கடைக்கார அண்ணர் ஒரு காலையில் தானாகவே "என்ன பிளக்கி, பிந்திப்போச்சு?" என்று கேட்டுப் பாண் ஓரத்தை நீட்டினார். அன்று இரவு சோற்றுச் சட்டியை நக்கித் துடைத்தாள்.

கடற்கரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்; மலையிலிருந்து வருபவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. கரைவலை இழுத்து முடிந்ததும், வேண்டாத மீன்களை மணலிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அவற்றில் பேத்தை இருக்கும். வயிறு ஊதிய அந்த மீனின் நஞ்சு சமைத்தாலும் போகாதது. மனிதரையே கொல்லக்கூடியது, நாய்க்கு எம்மாத்திரம். ஆகவே கரையில் கயிற்றை அவிழ்ப்பதே இல்லை. ரெக்ஸ் நண்டு வளையைத் தோண்டலாம், அலையில் கால் நனைக்கலாம், வாயில் எதையும் எடுக்கக் கூடாது. உப்புத் தண்ணீரைக் குடித்து வயிற்றால் போவதையும் தவிர்க்க, போத்தலில் நல்ல தண்ணீர் கொண்டுபோகிறோம். வீட்டில் குழாய்த் தண்ணீரின் குளோரின் மணத்தை இரண்டும் முதலில் தொடவில்லை. இரவே மண்சட்டியில் பிடித்துவைத்தால் காலையில் குடிக்கின்றன.

உண்ணியை இப்போது நான் கச்சானைவிட அதிகமாக வெறுக்கிறேன். மலைநாட்டுக் குளிரில் அது எங்களுக்குப் பெரிய தொல்லையாக இருக்கவில்லை. இங்கே சூட்டில் மளமளவென்று பெருகுகிறது. குடித்து உப்பிய பெண் உண்ணி நாயிலிருந்து விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாயை மட்டும் பார்த்துச் சுவரை விட்டால் பயனில்லை. காது மடலின் உட்புறம், விரல்களுக்கிடை, கழுத்துப்பட்டியின் அடி ஆகியவற்றை இரவு தோறும் விரலால் தடவிப் பார்க்கிறோம். பிளக்கிக்குக் காய்ச்சல் வந்து ஈறு வெளிறியபோது இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று தெரியவந்தது. உரிய மருந்தில் தேறினாள். மண்ணெண்ணெய் பூசுவதும், சொறிக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுவதும் இங்கும் இருக்கிறது, மலைநாட்டிலும் இருந்தது. நாய் தன்னை நக்கும்போது அதெல்லாம் வயிற்றுக்குள் போகிறது என்பதை எத்தனை தடவை சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் பூசுகிறார்கள்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுவந்தது நல்லதாயிற்று. அயலவர்கள் முதலில் கேட்டது அதைத்தான். நாயைப் பதிவு செய்யவேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் 1901ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கி, பறையும் வெடியும் கேட்டபோது இரண்டும் கட்டிலுக்கடியில் போயின. உள்ளறைக் கதவைச் சாத்தி, காற்றாடியை வேகமாகச் சுழலவிட்டு, மகளைப் பாடப் புத்தகத்தோடு அங்கேயே இருக்கச் செய்தோம்.

அடுத்து வரப்போவது மாரி. இந்தப் பக்கத்தின் மழையில் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரையில் கொட்டிவிடும் என்பதால், தாழ்ந்து கிடக்கும் எங்கள் வளவில் தண்ணீர் நிற்கும் என்று கணவர் சொல்கிறார். ரெக்ஸின் மாமரத்துக் குழி நிரம்பிப் போகும். கொசுவும் கூடும், கொசு பரப்பும் புழுநோய்க்கு மாதாந்த மருந்தைத் தவறாமல் கொடுக்கும்படி வைத்தியர் இப்போதே எழுதித் தந்திருக்கிறார். விறாந்தையில் ஒரு முழ உயரத்துக்குப் பலகைப் படுக்கை அடிக்கத் தச்சரிடம் சொல்லியிருக்கிறோம். இரண்டுக்கும் தனித்தனியாக அடிப்பதா, ஒன்றாக அடிப்பதா என்று அவர் கேட்டார். தனித்தனியாக என்றேன், ரெக்ஸ் இடம் விடமாட்டான்.