இறக்குமதி டிக்ளரேஷன்: கப்பல் கிளம்புமுன் முடிக்க வேண்டிய வேலை

"பம்ப் உதிரி பாகங்கள், 1 லாட், 8413.91." சப்ளையரின் இன்வாய்ஸில் இப்படி ஒற்றை வரி வந்துவிட்டால் (8413.91 என்பது பொருளை வகைப்படுத்தும் ஹெச்.எஸ். கோடு எண்), அந்தச் சரக்கு துறைமுகத்தில் நிற்கப்போகிறது என்று அப்போதே சொல்லிவிடலாம். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஆறு வகைப் பொருள் இருக்கும்: இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்), எஃகு போல்ட், ரப்பர் கேஸ்கெட், பால் பேரிங், மெக்கானிக்கல் சீல், ஒரு சின்ன மின் மோட்டார். இவற்றில் 8413.91-க்கு உரியது இம்பெல்லர் மட்டும். போல்ட்டை எந்த இயந்திரத்தில் முடுக்கினாலும் அது 7318.15. வல்கனைஸ் செய்த சாதாரண ரப்பர் கேஸ்கெட் 4016.93. பால் பேரிங் 8482.10, மெக்கானிக்கல் சீல் 8484.20, மோட்டார் 8501.

இதெல்லாம் சுங்க அதிகாரியின் விருப்பப்படி நடப்பதில்லை. உலக நாடுகள் பொதுவாகப் பயன்படுத்தும் ஹெச்.எஸ். பொருள் வகைப்பாட்டு அட்டவணையில் 84, 85 அத்தியாயங்கள் அடங்கிய 16ஆம் பிரிவின் முகப்பிலேயே குறிப்புகள் இருக்கின்றன. போல்ட், நட் போன்ற பொதுப் பயன்பாட்டுப் பாகங்களையும், இயந்திரங்களுக்கான வல்கனைஸ் ரப்பர் பொருட்களையும் குறிப்பு 1 வெளியே தள்ளிவிடுகிறது. தனக்கென்று தலைப்பு (நாலு இலக்க எண்) உள்ள பாகம் அந்தத் தலைப்புக்கே போக வேண்டும் என்கிறது குறிப்பு 2. தலைப்பின் வாசகத்தை மட்டும் படித்துவிட்டு இந்தக் குறிப்புகளைப் படிக்காமல் கோடு எண்ணை முடிவு செய்வதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. அனுபவம் உள்ளவர்களும் செய்கிறார்கள்.

சுங்கத்தில் தாக்கல் செய்யும் டிக்ளரேஷனில் கிளியரிங் ஏஜென்ட் எதையும் புதிதாக எழுதுவதில்லை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) மூன்றில் இருப்பதை எடுத்துப் போடுகிறார், அவ்வளவுதான். அதனால் திருத்த வேண்டியதை சப்ளையரிடம் சரக்கு இருக்கும்போதே திருத்திவிட வேண்டும். கப்பல் ஏறிய பிறகு மாற்றிய இன்வாய்ஸ், "எதற்காக மாற்றினீர்கள்?" என்ற கேள்வியையும் கூடவே கொண்டுவரும்.

நாங்கள் செய்வது இது. ஆர்டர் உறுதியானதும் புரோஃபார்மா இன்வாய்ஸை (முன்கூட்டிய மாதிரி இன்வாய்ஸ்) வாங்கி, வரிவரியாகப் பிரிக்கச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு வரியிலும் என்ன பொருள், எதனால் ஆனது, எதற்குப் பயன்படுகிறது என்பது தெரிய வேண்டும். "காட்டன் சட்டை" என்றால் போதாது. பின்னிய துணியா நெய்த துணியா என்பதில் அத்தியாயமே மாறும்: ஆண்களுக்கான பின்னலாடைச் சட்டை 6105, நெய்த துணிச் சட்டை 6205. நூல் கலப்பு எத்தனை சதவீதம் என்பதும் வேண்டும். ரசாயனம் என்றால் வணிகப் பெயர் எதற்கும் உதவாது, சி.ஏ.எஸ். எண் (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள அடையாள எண்), செறிவு, தனிச் சேர்மமா கலவையா என்பவை வேண்டும். தனிச் சேர்மம் பெரும்பாலும் 28 அல்லது 29ஆம் அத்தியாயத்தில் நிற்கும். கலவை பல நேரம் 38-க்குப் போய்விடும். பாதுகாப்புத் தரவுத் தாளை சப்ளையரிடம் முன்கூட்டியே வாங்கி வைத்தால் பாதிக் கேள்வி வராது.

சப்ளையர் கொடுக்கும் கோடில் முதல் ஆறு இலக்கம்தான் உலகப் பொது. அதற்குப் பின்னால் உள்ளவை அவரவர் நாட்டு இலக்கங்கள். அவர் அனுப்பும் பத்து இலக்கத்தை அப்படியே ஒட்டினால் உங்கள் அட்டவணையில் அது வேறு பொருளாக இருக்கலாம், இல்லாமலே போகலாம். ஆறு இலக்கத்தையும் பதிப்பு பார்த்துத்தான் நம்ப வேண்டும். இப்போது நடப்பது 2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள பதிப்பு. அடுத்தது 2028 ஜனவரி 1-இல் வருகிறது. பழைய இன்வாய்ஸை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றும் சப்ளையர்கள் நிறைய. பொருள் உண்மையிலேயே இரண்டு தலைப்புக்கு நடுவில் நின்றால், தொடர்ந்து வரப்போகிற சரக்கும் ஆனால், முன்தீர்ப்புக்கு (எந்தக் கோடு என்று சரக்கு வருமுன்பே சுங்கம் எழுத்தில் தரும் முடிவு) விண்ணப்பிப்பது நல்லது. வகைப்பாட்டுக்கும் பிறப்பிடத்துக்கும் முன்தீர்ப்பு தர வேண்டும் என்பது உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அது 2017 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது.

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. பேக்கிங் லிஸ்டில் 96 அட்டைப்பெட்டி, பி.எல்.-இல் 4 பேலட் (பெட்டிகளை அடுக்கிக் கட்டும் தட்டு). இரண்டும் உண்மைதான். ஆனால் கப்பல் நிறுவனம் சமர்ப்பித்த மேனிஃபெஸ்டில் (சரக்குப் பட்டியல்) 4 என்றிருக்க, டிக்ளரேஷனில் 96 போட்டால் சுங்கக் கணினி இரண்டையும் பொருத்தாது. மேனிஃபெஸ்டில் உள்ள எண்ணையும் பேக்கேஜ் வகையையும் போட்டுவிட்டு, அட்டைப்பெட்டிக் கணக்கை விவரத்தில் எழுத வேண்டும். எடையிலும் இதே கதை. 2016 ஜூலை 1 முதல் கன்டெய்னரை ஏற்றுமுன் வி.ஜி.எம். எடை (சரிபார்த்த மொத்த எடை) கொடுப்பது கட்டாயம். அந்த எடையில் காலி கன்டெய்னரின் எடையும் சேர்ந்திருக்கும். அதைத் தூக்கி கிராஸ் வெயிட் (பேக்கிங்கோடு சேர்ந்த சரக்கின் எடை) கட்டத்தில் போட்டால், 40 அடிக் கன்டெய்னரில் நாலு டன் அளவுக்குச் சரக்கு திடீரென்று "கூடிவிடும்".

கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்ற பத்தையும் வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்தால் நல்ல மென்பொருள் உடனே பிடித்துவிடும். கன்டெய்னர் கதவில் போடும் சீலின் எண்ணுக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

மதிப்புக்கு வருவோம். இன்வாய்ஸ் தொகைதான் சுங்க மதிப்பு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு ஒப்பந்தப்படி தொடக்கப்புள்ளி நீங்கள் உண்மையில் கொடுத்த அல்லது கொடுக்க வேண்டிய விலை. அதோடு 8ஆம் பிரிவில் சொன்ன சிலவற்றைச் சேர்க்க வேண்டும். விற்பவர் தரப்புக் கமிஷன், பேக்கிங் செலவு, விற்பனையின் நிபந்தனையாகக் கட்டும் ராயல்டி, நீங்கள் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ சப்ளையருக்குக் கொடுத்த மூலப்பொருள், கருவி, அச்சு.

இந்த அச்சுதான் எல்லோரும் மறப்பது. ஒரு கணக்கு பாருங்கள். எக்ஸ் ஒர்க்ஸ் விலை (தொழிற்சாலை வாசலில் தரும் விலை) 20,000 டாலர். 12,000 டாலருக்கு ஒரு அச்சு செய்வித்து சப்ளையருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதில் மொத்தம் 40,000 பீஸ் வரப்போகிறது. இந்தச் சரக்கில் 5,000. ஆக இதன் பங்கு 1,500. தொழிற்சாலையிலிருந்து துறைமுகம் வரை லாரி, ஏற்றுமதிச் செலவு 700. கப்பல் வாடகை 1,800, காப்பீடு 100. சி.ஐ.எஃப். (காப்பீடும் கப்பல் வாடகையும் சேர்ந்த) அடிப்படையில் மதிப்பு 24,100. பலர் காட்டுவது 20,000, 1,800, 100 சேர்ந்த 21,900. வரி 10 சதவீதம் என்றால் வித்தியாசம் வெறும் 220 டாலர். ஆனால் அது குறைத்துக் காட்டியதாகப் பதிவானால் பின்னால் வரும் எல்லாச் சரக்கும் அதே கண்ணோடு பார்க்கப்படும். அச்சின் தொகையை முதல் சரக்கிலேயே முழுதாகக் காட்டிவிடவும் ஒப்பந்தம் இடம் தருகிறது. உற்பத்தி எவ்வளவு என்று உறுதியில்லாதபோது எங்களுக்கு அதுவே நிம்மதி. வடிவமைப்பை இறக்குமதி செய்யும் நாட்டிலேயே செய்திருந்தால் அந்தச் செலவைச் சேர்க்கத் தேவையில்லை, இது பலருக்குத் தெரியாத சலுகை.

கப்பல் வாடகையும் காப்பீடும் மதிப்பில் சேருமா என்பது நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் சேர்க்கிறது. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் சேர்ப்பதில்லை. டி.டி.பி. விலையில் (சுங்கவரி உட்பட எல்லாச் செலவையும் விற்பவரே ஏற்கும் விலை) வாங்கினால், விலைக்குள் அடங்கிய சுங்கவரியையும் உள்நாட்டு லாரிச் செலவையும் கழித்துக்கொள்ளலாம். ஆனால் இன்வாய்ஸில் அவை தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரே தொகையாக இருந்தால் வரிக்கே வரி கட்ட நேரும்.

"வணிக மதிப்பு இல்லை" என்று எழுதி வரும் மாதிரிப் பொருட்களும், உத்தரவாதத்தில் மாற்றித் தரும் பாகங்களும் தனித் தலைவலி. விற்பனை இல்லை என்றால் விற்பனை விலை என்ற முறை பொருந்தாது, அவ்வளவுதான். மதிப்பு பூஜ்யம் என்று அர்த்தமில்லை. அதே பொருளின் விலை, அதைப் போன்ற பொருளின் விலை என்று அடுத்த முறைகளுக்குப் போக வேண்டும். சப்ளையரின் விலைப்பட்டியலில் உள்ள விலையையே போட்டு, "சுங்கப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று எழுதச் சொல்வது எளிது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே குழுமம் என்றால் அதற்கான கட்டத்தை மறைக்காமல் டிக் செய்யுங்கள். உறவு இருப்பதை மட்டுமே காரணமாகக் காட்டி விலையை நிராகரிக்க முடியாது. மறைத்தது தெரிந்தால் நிலைமை வேறு.

பிறப்பிடம் என்பது சரக்கு ஏறிய துறைமுகம் அல்ல, பொருள் உருவான நாடு. நடுவில் ஒரு கிடங்கில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றினாலும் பிறப்பிடம் மாறாது. வர்த்தக ஒப்பந்தப்படி சலுகை வரி கேட்கும்போது இந்த நடு நிறுத்தம்தான் வம்பு செய்யும்: வழியில் பொருள் மாற்றப்படவில்லை என்று காட்ட முழுப் பயணத்துக்குமான பி.எல். அல்லது அந்த நாட்டுச் சுங்கத்தின் சான்று கேட்பார்கள். பிறப்பிடச் சான்றிதழில் உள்ள ஹெச்.எஸ். கோடு, இன்வாய்ஸ் எண், எடை மூன்றும் டிக்ளரேஷனோடு பொருந்துகிறதா என்று வரைவு நிலையிலேயே பாருங்கள். மூன்றாம் நாட்டு நிறுவனம் இன்வாய்ஸ் போட்டால், அதைச் சான்றிதழிலும் குறிப்பிட்டிருக்க வேண்டும் என்பது பல ஒப்பந்தங்களில் உள்ள நிபந்தனை.

மரப் பேலட்டை மறந்துவிடாதீர்கள். சரக்கில் ஒரு குறையும் இல்லாமல், பேலட்டில் ஐ.எஸ்.பி.எம். 15 (மரப் பேக்கிங்கில் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேசத் தரம்) முத்திரை இல்லாததால் மட்டும் கன்டெய்னர் நிற்கும். மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருந்தால்தான் ஹெச்.டி. (வெப்பச் சிகிச்சை) முத்திரை. ஒட்டுப்பலகைக்கும் 6 மில்லிமீட்டருக்கு மிகாத மெல்லிய மரத்துக்கும் இது தேவையில்லை. ஏற்றுமுன் முத்திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் இரண்டு நிமிட வேலை.

இனி ஏஜென்ட் வரைவை அனுப்புவார். "ஓகே" என்று ஒரு சொல்லில் பதில் போடுவது பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். தவறானால் வரியும் அபராதமும் பெரும்பாலும் இறக்குமதியாளர் தலையில்தான் விழும் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை. நாங்கள் பார்க்கும் வரிசை: இறக்குமதியாளர் எண், நடைமுறைக் கோடு (சரக்கு எதற்காக வருகிறது என்பதைக் காட்டும் எண்), இன்கோடெர்ம் (எந்தச் செலவு யாருடையது என்ற விற்பனை நிபந்தனை), நாணயம், வரிவாரியான கோடும் அளவும், நிகர எடைகளின் கூட்டுத்தொகை. நடைமுறைக் கோடு தவறினால், கிடங்கில் வைக்கவோ தற்காலிகமாகவோ வந்த பொருளுக்கு முழு வரி விழும். அளவுக்கான அலகைக் கவனியுங்கள்: காலணிக்கு அட்டவணை ஜோடிக் கணக்கைக் கேட்கும், இன்வாய்ஸில் 500 பீஸ் என்றிருக்கும். அது 500 ஜோடியா, 250-ஆ? சில நாட்டு இன்வாய்ஸ்களில் 1.250 என்பது ஆயிரத்து இருநூற்று ஐம்பது. 04/05 ஏப்ரலா மே மாதமா என்பதையும் கேட்டுவிடுங்கள். நாணய மாற்றுக்கு வங்கி விகிதம் செல்லாது, சுங்கம் அறிவித்த விகிதம்தான்.

கப்பல் வருமுன்பே தாக்கல் செய்ய முடியும் இடங்களில் அதைச் செய்துவிடுங்கள். தாக்கலானதும் கணினி சரக்கை ஒரு தடத்தில் போடும். ஐ.நா. வர்த்தக மேம்பாட்டு அமைப்பின் அசிகுடா என்ற சுங்க மென்பொருளைப் பயன்படுத்தும் நாடுகளில் பச்சை என்றால் விடுவிப்பு, மஞ்சள் என்றால் ஆவணச் சோதனை, சிவப்பு என்றால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், நீலம் என்றால் இப்போது விட்டுவிட்டுப் பிறகு தணிக்கை. சிவப்பு விழுந்தால் பெட்டி எண் வாரியான பேக்கிங் லிஸ்டும் கேட்டலாக்கும் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு பொருளைக் காட்ட எல்லாப் பெட்டியையும் பிரிக்க வேண்டிவரும். சோதனை முடிந்து போடும் புதிய சீலின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிடங்கில் சரக்கு குறைந்திருந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் அதைத்தான் கேட்பார்.

மதிப்பைப் பற்றிக் கேள்வி வந்தால், கேட்டதற்கு மட்டும் ஆவணத்தோடு அன்றே பதில் கொடுங்கள். நீண்ட விளக்கக் கடிதம் புதுக் கேள்விகளுக்கு வழி. இழுத்தால் உத்தரவாதத் தொகை கட்டிச் சரக்கை எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். மதிப்பீட்டு ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. வாதம் பிறகு நடக்கட்டும், ஏனென்றால் கன்டெய்னருக்குக் கட்டணமில்லாத இலவச நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும். நிரம்பிய கன்டெய்னர் டெர்மினலில் கூடுதல் நாள் நின்றால் டெமரேஜ் என்ற கட்டணம். வெளியே எடுத்துக் காலியாகத் திருப்பித் தரத் தாமதித்தால் டிடென்ஷன். டெர்மினல் இடவாடகை இவற்றோடு தனி. விடுமுறை நாளும் இந்தக் கணக்கில் சேருமா என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

சரக்கு வந்துவிட்டது என்று கோப்பை மூடிவிடக் கூடாது. தணிக்கை வருடங்கள் கழித்தும் வரும், அப்போது முதலில் கேட்பது வங்கிப் பணப்பரிமாற்றச் சான்று. டிக்ளரேஷனில் 24,100, வங்கியிலிருந்து போனது அதற்குப் பொருந்தாத தொகை என்றால் நடுவில் உள்ள ஒவ்வொரு டாலருக்கும் ஒரு காகிதம் வேண்டும்: அச்சு ஒப்பந்தம், கப்பல் வாடகை பில், காப்பீட்டுச் சான்று. அவற்றோடு அந்தக் கோடை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அரைப் பக்கக் குறிப்பு ஒன்றையும், தேதி போட்டு, அதே கோப்பில் வைத்துவிடுங்கள். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.