பத்துப் பாட்டில் ஆறு கிரியோல்

டிசம்பர் வந்தால் எனக்கும் தம்பிக்கும் ஒரு வழக்கம் உண்டு. அந்த ஆண்டில் கேட்டவற்றில் மனதுக்குப் பிடித்த பத்துப் பாட்டை ஆளுக்கொரு பட்டியலாக அனுப்பிக்கொள்வோம். சினிமாப் பாட்டு கூடாது, அது ஒன்றுதான் விதி. 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல்முறை மேடையேறியபோது அவன் கூட்டத்துக்குள் நின்று போனை உயர்த்திப் பிடித்தான். காரைக்காலில் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்த எனக்குப் பாதி இரைச்சல்தான் கேட்டது. ஆனாலும் கடைசிவரை போனை வைக்கவில்லை. 2021-ல் தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ இருவர் பட்டியலிலும் முதலிடம்.

இந்த ஆண்டு என் பட்டியல் போன கால் மணி நேரத்தில் அழைத்துவிட்டான். “என்னக்கா, பத்துல ஆறு எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வரலை!”

அந்த ஆறும் எப்படி என்னிடம் வந்தன என்பதை அவனுக்குப் போனில் சொல்லி முடியவில்லை.

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான தீவு ரெயூனியன். இங்கே நாங்கள் வந்து இரண்டு ஆண்டு ஆகிறது. கணவருக்குப் புதுச்சேரி, பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. தீவின் கிழக்கே சேந்தாந்த்ரேயில் வேலை கிடைத்தது. முதல் ஆண்டு முழுக்க எனக்குக் காகிதங்களோடு போயிற்று. கொடுத்த கோப்பை ஓர் அலுவலகம் இரண்டு முறை தொலைத்தது, மூன்றாம் முறை நகல் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். காரைக்காலில் படித்த பிரெஞ்சு அலுவலகத்தில் உதவியது, தெருவில் உதவவில்லை. தெரு பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மொழி.

காதுக்கு முதலில் பிடிபட்டது காய்கறிச் சந்தையில்தான். கடைக்கார அம்மா ஒரு கொத்தை நீட்டி “கலுபிலே” என்றார். கறிவேப்பிலை. பக்கத்தில் “கொத்தோமிலி”. பீர்க்கங்காய்க்குப் “பிப்பங்காய்”. முருங்கைக்கீரைக்கு “ப்ரேத் முருங்”. என் பாட்டியின் அடுக்களைச் சொற்கள் வேறொருவர் வாயில் உருண்டு வந்தன. அன்று தேவைக்கு மேலேயே கீரை வாங்கிவிட்டேன்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இங்கே அவரைப் போன்ற தமிழ் வம்சாவளியினரை ‘மல்பார்’ என்கிறார்கள். 1848 டிசம்பர் 20-ல் இங்கே அடிமைமுறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். 1860-ல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்பாட்டால் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆளெடுத்தார்கள். பேச்சு போய்விட்டது, ஆனால் கோயில் இருக்கிறது, தீமிதி இருக்கிறது. திரௌபதிக்கு இங்கே ‘பாண்டியாலே’ என்று பெயர். பாஞ்சாலிதான் அப்படி ஆகியிருக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 28 அன்று கராந்ஸ் புயல் அடித்தது. வடக்கும் கிழக்கும் நன்றாக வாங்கிக்கொண்டன. எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று, நெட் போயிற்று. போனில் சேமித்து வைத்திருந்த பாட்டையும் கேட்க முடியாமல் சார்ஜைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். மறுநாள் இருட்டியதும் பக்கத்து வீட்டு முற்றத்தில் தாளம் கேட்டது. மெழுகுவர்த்தி வைத்து ஏழெட்டுப் பேர். ஒருவர் பெரிய பீப்பாய் முரசைத் தரையில் சாய்த்து, அதன்மேலேயே ஏறி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் அடித்தார். அது ரூலேர். வீட்டுக்காரர் ஓர் அடி பாட, மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். வேலி ஓரத்தில் நின்ற என்னை அவர் மனைவி கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். நடவுப் பாட்டிலும் இப்படித்தான் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்குவார்கள்.

அதுதான் மலோயா. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கரும்புத் தோட்டத்தில் பாடியது. பின்னால் வந்த தமிழர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். அதிகாரத்துக்கு இது வெகுகாலம் பிடிக்கவில்லை. 1981 வரை பொதுவில் தாராளமாகப் பாட முடியாத நிலை. 2009-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பெரிய கம்பெனி எதுவும் வளர்க்காமல் முற்றத்திலேயே உயிரோடு இருந்த பாட்டு. எனக்குத் தெரிந்து தனியிசை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

புயலுக்குப் பிறகு கரன்ட் வந்ததும் தேடித்தேடிக் கேட்டேன். தனியேல் வாரோவின் ஒரு பாட்டு என் பட்டியலில் முதலிடம். 1955-ல் பிறந்தவர், இளவயதில் ராணுவச் சேவைக்குப் போக மறுத்து இரண்டு ஆண்டு சிறையில் இருந்தவர், இசைக்கருவிகளைத் தன் கையாலேயே செய்பவர். குரலில் மினுக்கு கிடையாது. வயல் வரப்பில் நின்று தூரத்து ஆளைக் கூப்பிடுகிற குரல்.

அடுத்த இரண்டு லிந்திகோவுடையவை. ஒலிவியே அராஸ்த் முன்னின்று பாடும் குழு, பக்கத்தில் ப்ரா-பானோன் ஊரின் பானியாந்தியைச் சேர்ந்தவர்கள். பானியாந்தி என்றால் பழனியாண்டி என்றுதான் என் காதில் விழுகிறது. கேட்டுக்கொண்டு சும்மா உட்கார முடியாது. பாத்திரம் கழுவும்போது போட்டால் தண்ணீர் தரையெல்லாம் தெறிக்கும். நான்காவது மாயா கமத்தி. இவருடைய அப்பா ஜில்பேர் புனியா 1979-ல் ஜீஸ்காகான் குழுவைத் தொடங்கியவர். மகள் அந்த மலோயாவோடு எலக்ட்ரானிக் ஒலியைச் சேர்க்கிறார். ஐந்தாவது 1995-ல் மறைந்த அலேன் பேதேர்ஸ். ‘இந்த ஆண்டுப் பாட்டா இது?’ என்று தம்பி கேட்டான். இந்த ஆண்டு நான் கேட்டேன், அது போதும்.

ஆறாவதைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆன் ஓ’ஆரோ. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையை, யாரும் வாய்விட்டுச் சொல்லாததை, கிரியோலில் பாடுகிறார். டிராம்போன் ஒன்று, தாளக் கருவி ஒன்று, அவ்வளவுதான். தாளம் போடுபவர் தனியேல் வாரோவின் மகன் பினோ வாரோ. பாதிக்கு மேல் சொற்கள் புரியாத நாளிலேயே அழுதிருக்கிறேன். புரிந்த பிறகு ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்பதில்லை.

ஜூனில் சேன்-பியேர் கடற்கரையில் நடக்கும் சக்கிஃபோ விழாவுக்கும் போய் வந்தோம். கூட்டம், காற்று, நல்ல சத்தம். ஆனால் முற்றத்து மலோயாதான் எனக்கு மலோயா.

ஜூலையிலிருந்து சனிக்கிழமை தோறும் காயாம்ப் கற்றுக்கொள்கிறேன். கரும்புப் பூவின் தண்டுகளை வரிசையாக அடுக்கி, மரச்சட்டத்தில் அடித்த தட்டையான பெட்டி. உள்ளே கல்வாழை விதைகள். இரண்டு கையாலும் கிடையாகப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினால் விதைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சரிந்து ஓடும், தகரக் கூரையில் மழை நகர்வது மாதிரி. நடுவில் கட்டைவிரல் தட்டு ஒன்று விழ வேண்டும். பார்க்க எளிது. எனக்கு மூன்றாவது சுற்றில் விதைகள் முந்திக்கொள்ளும், கட்டைவிரல் பின்தங்கும். “கையை நம்பு, எண்ணாதே” என்பார் ஆசிரியர். எட்டாம் வகுப்பு வரை பாட்டு கற்றவள் நான், கை தன்னால் தாளக் கணக்குப் போடும். எண்ணாமல் எப்படி வாசிப்பது என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் தம்பி ஊருக்குப் போயிருந்தான். வாரோவின் பாட்டைக் காரைக்கால் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே எனக்கு வீடியோ கால் செய்தான். இங்கே எனக்கு இன்னும் விடியவில்லை. நம்மூருக்கும் இந்தத் தீவுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். பாட்டு ஆரம்பத்தில் காயாம்ப் மட்டும் தனியாக ஓடும் இடம் வந்தது. அடுக்களையிலிருந்து அம்மா குரல்:

“யாருடா அது, இந்நேரத்துல அரிசி புடைக்கிறது?”

தம்பி திரும்பிப் பார்த்தான். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதமாகக் கையில் வைத்திருக்கிறேன், எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையில் என்னைப் பார்த்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு, அந்தப் பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றார்.

சனிக்கிழமை வகுப்பில் காயாம்பை முறம் மாதிரி பிடித்தேன். முழங்கையை உடம்போடு ஒட்டி, மணிக்கட்டை மட்டும் விட்டு, அம்மா நொய்யைத் தள்ளுவாரே, அப்படி. மூன்றாவது சுற்று தாண்டியது, நான்காவதும் தாண்டியது. ஆசிரியர் ரூலேர் மேல் ஏறி உட்கார்ந்து என்னோடு சேர்ந்துகொண்டார்.