அறிவியல் கண்காட்சிக்கு ஓர் ஊசல் போதும்

கண்காட்சிக்குச் செய்யும் எரிமலை மாடல் அழகுதான், ஆனால் அதில் பிள்ளை அளந்து பார்க்க ஒன்றும் இல்லை. முதலில் ஒரு கேள்வி வேண்டும்: நூல் நீளமானால் ஊசல் மெதுவாக ஆடுமா?

நூல், ஒரு கனமான நட்டு, ஸ்டாப்வாட்ச் போதும். நீளத்தை மட்டும் 25, 50, 75, 100 செ.மீ. என மாற்றுங்கள். எடை மாறக் கூடாது. கோணம் 10 டிகிரிக்குள் இருக்கட்டும். நீளத்தை முடிச்சு வரை அல்ல, நட்டின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும்.

ஊசல் ஒருமுறை போய்த் திரும்பி வருவது ஓர் ஆட்டம். ஒரே ஓர் ஆட்டத்துக்கு நேரம் பார்த்தால் பொத்தானை அழுத்தும் தாமதமே விடையைக் கெடுத்துவிடும். 20 ஆட்டங்களுக்கு அளந்து 20-ஆல் வகுக்கட்டும். விடும்போதே ‘ஒன்று’ என எண்ணினால் ஓர் ஆட்டம் குறையும். பூஜ்ஜியத்தில் தொடங்கச் சொல்லுங்கள்.

100 செ.மீ.க்குச் சுமார் 2 விநாடி, 25-க்குச் சுமார் 1 விநாடி வரும். இதைப் பிள்ளையே வரைபடத்தில் கண்டுபிடிக்கட்டும், முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். ஒத்துவராத அளவையும் அழிக்காமல் அட்டவணையில் வையுங்கள்.