வெறி என்ற சொல்

காசிமேட்டுப் பையன்களுக்கு எது பிடித்தாலும் ‘வெறித்தனம்’தான், குடித்துவிட்டுக் கத்தினால் குடிவெறி, நாய்க்குப் பிடிப்பதும் வெறி. சங்க இலக்கியத்தில் வெறி என்றால் நறுமணம், அப்புறம் முருகன் ஏறி, வேலன் என்கிற முருக பூசாரி ஆடுகிற ஆட்டம். மகள் காதலில் மெலிந்துபோனால் என்ன நோயோ என்று தாய் வேலனைக் கூப்பிடுவாள், அவன் கழங்குக் காய்களைப் போட்டுக் குறி பார்த்து, ஆட்டைப் பலி கொடுத்து ஆடுவான். தொல்காப்பியமே இதை வெறியாட்டு என்கிறது. அப்படிப்பட்ட சொல் சாராயத்துக்கும் சண்டைக்கும் போய்விட்டதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஏனென்றால் ஆட்டம் போகவில்லை. ஆடி மாதம் எங்கள் தெருவில் பம்பையும் உடுக்கையும் வேகமெடுத்தால், கூழ் ஊற்றிக்கொண்டிருந்த அத்தை கரண்டியைப் போட்டுவிட்டுத் தலைமுடி அவிழ ஆடுவார், வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாக நாலு பேர் ஓடுவார்கள். அதற்கு இப்போது பெயர் அருள். மருள் என்றும் சொல்வார்கள், சாமியாடியை மருளாளி என்பது அதிலிருந்து வந்ததுதான்.