பேருந்து நிலையத்தில் ஒரு கப்பல் துறை

தென் ஸ்பெயினின் மாலகா பேருந்து நிலையத்தில் என் வண்டி எங்கே நிற்கும் என்று அறிவிப்புப் பலகையில் தேடியபோது, எண்ணுக்கு முன்னால் ‘தார்சேனா’ என்று எழுதியிருந்தது. கப்பல் அணையும் உள்துறையைக் குறிக்கும் சொல் அது; பேருந்து வந்து நிற்கும் தடத்துக்கும் அங்கே அதுவே வழங்குகிறது. உடனே, முந்தைய நாள் பழம் வாங்கிய சந்தையின் பெயர் நினைவுக்கு வந்தது: ‘அத்தராசானாஸ்’. இரும்பும் வண்ணக் கண்ணாடியுமாக 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அந்தக் கட்டடத்தில் பழைய பளிங்கு வாயில் ஒன்று இருக்கிறது. கிரனாடாவை ஆண்ட நஸ்ரி மன்னர்களின் கப்பல் கட்டும் துறையில் இன்று எஞ்சியிருப்பது அந்த வாயில்தான்.

இரண்டுக்கும் மூலம் ‘தார் அஸ்ஸினாஆ’ என்னும் அரபுத் தொடர். ‘தார்’ என்றால் வீடு, ‘ஸினாஆ’ என்றால் கைத்தொழில். நம்முடைய ‘தொழிற்சாலை’ அதற்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். கப்பல் கட்டுவதே மத்தியதரைக் கடலோரத்தின் பெருந்தொழிலாக இருந்த காலத்தில், அந்தத் தொடர் கப்பல் துறைக்கே பெயராகிவிட்டது.

அதன்பின் என் பயணம் அந்தச் சொல்லைத் தொடர்ந்தே போயிற்று. பார்சிலோனாவில் ‘த்ரசானெஸ்’ என்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கினால், இடைக்காலக் கப்பல் கூடங்கள் கடல்சார் அருங்காட்சியகமாக நிற்கின்றன. ஜெனோவாவின் மெட்ரோவிலும் ஒரு ‘தார்சேனா’ உண்டு.

வெனிஸில்தான் சொல் உருமாறியது. ‘தார்’ என்பதன் முதல் ஒலியை ‘இன்னதனுடைய’ என்று பொருள்தரும் தங்கள் இடைச்சொல்லாக எண்ணி வெனிஸ் மக்கள் உதிர்த்துவிட்டார்கள் என்று சொற்பிறப்பியலாளர் கருதுகின்றனர். மிஞ்சியது ‘அர்சனா’. லஞ்சம் வாங்கிய அதிகாரிகள் நரகத்தில் கொதிக்கும் கீலில் வேகுவதைச் சொல்ல வந்த இத்தாலியக் கவிஞர் தாந்தே, குளிர்காலத்தில் இந்தத் துறையில் பழுதுபட்ட கப்பல்களுக்குப் பூசக் காய்ச்சும் கீலை உவமையாக்கியபோது ஆண்ட சொல்லும் இதுவே. பிற்பாடு அது ‘அர்செனாலே’ ஆயிற்று. சிங்கங்கள் காவல் இருக்கும் 1460ஆம் ஆண்டு வாயிலின் முன் நெடுநேரம் நின்றேன். அவற்றுள் ஒன்று 1687இல் ஏதென்ஸ் அருகிலுள்ள பிரேயஸிலிருந்து கொண்டுவரப்பட்டது, அதன் தோளில் வட ஐரோப்பிய வீரர்கள் செதுக்கிய ரூனிக் எழுத்துகள் தேய்ந்து கிடக்கின்றன.

போர்க்கலங்களைக் கட்டியதோடு படைக்கலங்களையும் அங்கேயே வைத்திருந்ததால், பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன் எல்லாவற்றிலும் ‘ஆர்செனல்’ ஆயுதக் கிடங்காகிவிட்டது; கப்பல் மெல்ல விலகிக்கொண்டது. ‘ஆர்செனல்’ என்னும் லண்டன் கால்பந்து அணியின் சின்னத்தில் பீரங்கி இருப்பதும் அதனால்தான்: 1886இல் அதைத் தொடங்கியவர்கள் வுல்விச் அரச ஆயுதச்சாலைத் தொழிலாளர்கள்.

ஸ்பானிய மொழியோ இதை மூன்று முறை வாங்கியிருக்கிறது: ‘அத்தராசானா’வை அரபிலிருந்து நேராக, ‘தார்சேனா’வையும் ‘அர்செனால்’ என்பதையும் இத்தாலி வழியாக. மாலகாவில் அரபு பேசியவர்கள் கட்டிய துறை பழச்சந்தையாகிவிட, அவர்களுடைய சொல்லே கடல்சுற்றித் திரும்பிவந்து, நான் பெட்டியோடு காத்திருந்த பேருந்துத் தடத்துக்குப் பெயராகியிருக்கிறது.